நீலப் புள்ளி நின்ற இடம்

என் வீட்டுக்காரருக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. குக்கர் விசில் அடிப்பதற்குள் மூடியைத் தொட்டுப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவரைப் போய் ஒரு கார் கம்பெனி மாதக்கணக்கில் காக்க வைத்தது. மின்சாரக் கார். முன்பதிவு செய்யப் போனபோது மழை. அடுத்த மழைக்குக் குடையைத் தூசு தட்டி எடுத்த பிறகும் கார் வந்தபாடில்லை. அந்த மாதங்களில் அவரோடு குடித்தனம் நடத்தியதற்கு எனக்குத் தனியாக ஒரு கார் கொடுத்திருக்க வேண்டும்.

எங்களுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அவர் கண்ணைப் பரிசோதித்து லென்ஸ் வெட்டுவார். நான் ஃபிரேமை மாட்டிப் பார்த்து, காதில் உட்காரும் கம்பியை வளைத்துக் கொடுப்பேன். எழுத்துப் பலகையை வாசிக்க வந்தவர்களிடம் அவர் போனில் இருந்த கார் படத்தைக் காட்டி, "கலர் தெரியுதா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒருவர், "தெரியலை" என்று சொல்லிவிட, பாவம், அவருக்கு மறுபடியும் முதலிலிருந்து பரிசோதனை நடந்தது.

வீட்டில் இன்னொருவர் மாமா, அதாவது இவருடைய அப்பா. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வராத காருக்கு அவர் வைத்த பெயர் ஊமையன்.

"அழாத குழந்தையையும் சத்தம் போடாத வண்டியையும் நம்பக் கூடாதும்மா. உள்ள என்ன கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது" என்பார்.

வாய்தான் அப்படி. ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர், இவர் காதில் விழாமல் என்னிடம் கேட்டார். "ஊமையன் வந்தா முன் சீட்ல என்னை உக்கார வைப்பானாம்மா?"

அன்று மாலையே வீட்டில் இவரிடம் கேட்டேன்.

"முதல் தடவை நான் ஓட்டணும், நீ பக்கத்துல. அப்பா பின்னாடி உக்காரட்டும். முன்னாடி உக்காந்தா கியரை மாத்து, பிரேக்கைப் போடுன்னு உயிரை வாங்குவாரு. இதுல கியரே கிடையாது!"

கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமா பக்கத்தைத் திருப்பினார். அவருக்குக் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கார் வருகிற நேரத்தில் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

வண்டி வருவதற்கு முந்தின நாள் ஷோரூமிலிருந்து இவர் போனுக்கு ஒரு ஆப் வந்தது. குரங்கு கையில் பூமாலைதான். கார் எங்கே நிற்கிறது என்று அதில் பார்க்கலாம், வீட்டிலிருந்தே ஏசி போடலாம், ஹாரன் அடிக்கலாம். இவர் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஷோரூம் மேனேஜர் கூப்பிட்டு, "சார், இங்க கஸ்டமருங்க பயப்படறாங்க, தயவு செஞ்சு நிறுத்துங்க" என்று கெஞ்சினார். அதன் பிறகு இவர் ஆப்பிலிருந்தே காருக்குள் இருக்கும் திரையின் மொழியைத் தமிழுக்கு மாற்றினார். "அப்பா படிக்கட்டும்" என்றார். அதற்காக மாமாவுக்குப் புதுக் கண்ணாடியும் போட்டுக் கொடுத்திருந்தார். மனிதர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

ஆப்பில் சிவப்பாக ஒரு பட்டனும் இருந்தது. வண்டி திருடு போனால் அதை அழுத்த வேண்டும். ஓடுகிற வண்டியை அது சடாரென்று நிறுத்தாது. ஆனால் அடுத்து எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து நகராது. நிறுத்த ஒரு விரல் போதும். மறுபடி விடுவிக்க ரகசிய எண் வேண்டும். "உன் ஞாபகமா ஒரு நம்பர் வெச்சிருக்கேன்" என்று என்னிடம் இளித்தார்.

மறுநாள் காலை கடைக்கு விடுமுறை. ஷோரூம் டிரைவர் வண்டியை வீட்டுக்கே ஓட்டி வருவதாக ஏற்பாடு. இவர் சும்மா இருப்பாரா? போனில் தெரிந்த வரைபடத்தை டிவியில் போட்டுவிட்டார். எதிர் வீட்டுத் தையல்கார அக்கா, மாடியில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார், அவர் மனைவி எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கார் வருவதைப் பார்த்தோம். கார் என்றால் ஒரு நீலப் புள்ளி. அது நகர்ந்தால் "ஆ", நின்றால் "ஐயோ".

மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் புதுக் கண்ணாடியுமாக வந்தார். தன் போனை டிவி பக்கத்தில் சார்ஜில் போட்டார்.

"நான் வாசல்ல நிக்கிறேன்ம்மா" என்றார்.

"வெயிலா இருக்கு மாமா."

"பஸ் ஓட்டினவனுக்கு என்ன வெயில்?"

புள்ளி எங்கள் பேட்டை முனைக்கு வந்தது. வலது பக்கம் திரும்பினால் எங்கள் தெரு. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இடது பக்கம் திரும்பியது.

"வழி தெரியலை போல" என்றார் வாத்தியார்.

வழி தெரியாத புள்ளி அப்படிப் போகாது. இவர் டிரைவருக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. புள்ளி எங்களை விட்டுப் பறந்துகொண்டிருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டார்.

"நம்பிக்கையான ஆளு சார். கொஞ்சம் பொறுங்க, நான் விசாரிச்சுச் சொல்றேன்."

"காலம் கெட்டுக் கிடக்கு" என்றாள் தையல்கார அக்கா. "என் கொழுந்தனார் பைக் இப்படித்தான் போச்சு."

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. தெருவையே கூப்பிட்டு வைத்துவிட்டு, அவர்கள் கண்ணெதிரே கார் களவு போவதா? "எவன்கிட்ட வேலைய காட்டறான்?" என்று கத்திக்கொண்டே கட்டை விரலைச் சிவப்புப் பட்டனில் வைத்து அழுத்தினார். புள்ளி இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது. ஒரு சிக்னலில் நின்றது. விளக்கு மாறியிருக்கும், பக்கத்து வண்டிகள் எல்லாம் போயிருக்கும். எங்கள் புள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

உடனே போன் அடித்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டார், நாலு பேர் கேட்கத் திட்டலாம் என்று.

"சார், வண்டிய நீங்க நிறுத்துனீங்களா? எடுத்து விடுங்க சார்! உங்க அப்பா உள்ள இருக்காரு. நெஞ்சு வலி சார், ஆஸ்பத்திரி போய்க்கிட்டிருக்கேன், சீக்கிரம் சார்!"

நான் வாசலைப் பார்த்தேன். வாசலில் மாமாவின் செருப்பு இல்லை.

இவர் ரகசிய எண்ணை அழுத்தினார், தவறு என்று வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் தவறு. "என்ன நம்பர்... என்ன நம்பர் வெச்சேன்..." என்று என்னைப் பார்த்தார். அந்த மாதிரி முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. போனைப் பிடுங்கி நானே அழுத்தினேன். எங்கள் கல்யாணத் தேதி. வருஷா வருஷம் அவர் மறப்பதுதான், அன்றைக்கும் மறந்துபோனார்.

வண்டி விடுபட்டது என்று எழுத்து வந்தது. புள்ளி நகரவில்லை. "ஹலோ, ஹலோ" என்றேன். எதிர்முனையில் ஹாரன் சத்தமும் யாரோ "மெதுவா, தலையப் புடி" என்று கத்துவதும் கேட்டது. அப்புறம் இணைப்பு அறுந்துவிட்டது.

வாத்தியாரின் பைக்கில் இவரும், தையல்கார அக்காவின் ஸ்கூட்டரில் நானும் போனோம். சிக்னலில் எங்கள் புதுக் கார் நடு ரோட்டில் நின்றிருந்தது, முன் கதவு திறந்தபடி. சீட்டில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. உள்ளே யாருமில்லை. எத்தனை மாதம் காத்திருந்த கார்!

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். வராந்தாவில் டிரைவர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கார் நகராது என்று தெரிந்ததும், பின்னால் நின்ற பால் வண்டிக்காரரோடு சேர்ந்து மாமாவைத் தூக்கி, பால் டப்பாக்களுக்கு நடுவே படுக்க வைத்துக் கொண்டு வந்திருக்கிறார். இவர் டிரைவர் அருகில் போகாமல் தூணை ஒட்டி நின்றுவிட்டார். நான்தான் கேட்டேன்.

"முக்குல கைய நீட்டி நிறுத்துனாரு மேடம். 'இது என் பையன் வண்டி, நம்பர் எனக்கு மனப்பாடம். வீட்டுக்குப் போறதுக்குள்ள முன் சீட்ல கொஞ்ச தூரம் வந்துக்கறேன், அவன்கிட்ட சொல்லிடாதே'ன்னாரு. பெல்ட் போடும்போதே வேர்த்துக் கொட்டுச்சு. போன் அடிச்சுது, கேட்டுச்சு. ஒரு கைல ஸ்டியரிங், ஒரு கைல ஐயா. எப்படி எடுக்கறது?"

டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டார் என்று சொன்னார். இன்னும் சற்றுத் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கண் விழித்த மாமா முதலில் கேட்டது, "வண்டி ஏன்ப்பா நின்னுச்சு?"

நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். டிரைவர் இவரை ஒரு பார்வை பார்த்தார்.

"சார்ஜ் தீர்ந்துடுச்சுங்க ஐயா" என்றார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "அதான் சொன்னேனே, ஊமையன்னு."

வெளியே வந்ததும் டிரைவர் சங்கடத்தோடு சாவியை எடுத்தார். வண்டியை ஒப்படைக்கும்போது சொந்தக்காரர் சாவியோடு நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம், கம்பெனி விதி. அது போகாத வரை வண்டி அவர் பொறுப்பில்தான். இவர் சாவியை வாங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே நின்றார். சிரிங்க என்று சொல்ல டிரைவருக்கு வாய் வரவில்லை. அந்தப் படம் இன்னும் ஷோரூம் சுவரில் இருக்கிறது என்று கேள்வி.

அடுத்து வந்த நாட்களில், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமா ஊமையன் கதையைச் சொன்னார். "பாதி வழியில சார்ஜ் போயிடுச்சு! என் உயிரைக் காப்பாத்தினது பால் வண்டி" என்று சிரிப்பார். எல்லோரும் காரைத் திட்டுவார்கள். இவர் அறை மூலையில் தலை குனிந்து நிற்பார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நான் சொன்னேன். "சொல்றேன், வீட்டுக்கு வரட்டும், அந்த நெஞ்சு இதைத் தாங்கணும்ல" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக மனிதர் ஒன்றைத் தள்ளிப் போட்டார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று இவர் காரை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டு வந்தார். முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மாமா ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால். இவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததும் திரை ஒளிர்ந்தது. தமிழில், பெரிய எழுத்தில், வணக்கம் என்றது.

"அப்பா" என்றார் இவர். "அன்னிக்கு வண்டி..."

மாமா கையை உயர்த்தி நிறுத்தினார். விரலால் திரையைத் தொட்டார்.

"அன்னிக்கும் இதே இடத்துலதான்டா எழுதி வந்துச்சு. 'உரிமையாளர் வண்டியை நிறுத்திவிட்டார்'னு. நீ போட்டுக் குடுத்த கண்ணாடி, எழுத்து பளிச்சுனு தெரிஞ்சுது."

இத்தனை நாளும் தெரிந்துகொண்டா இந்த மனிதர் ஊர் முழுக்கச் சார்ஜ் கதை சொன்னார்? இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல வண்டிடா" என்றார் மாமா. பெல்ட்டைத் தானே இழுத்து மாட்டிக்கொண்டார். "நீ நில்லுன்னா நிக்குது. இப்ப போகச் சொல்லு, வீட்டுக்குப் போகலாம்."

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். எங்கள் வண்டி கிளம்ப வெகு நேரம் ஆயிற்று.