குளிசைக்குப் பிறகு ஒரு சுருட்டு

குளிசை தொண்டைக்குள் இறங்கும்வரை லூர்த்தம்மா சுருட்டைக் கண்ணிலும் காட்டமாட்டாள். செபநாயகம் வாயைத் திறந்து, நாக்கை உயர்த்திக் காட்டவேண்டும். ஐம்பது வருடம் கடலோடு மல்லுக்கட்டிய மனுசன், பெண்சாதிக்கு முன்னால் சின்னப்பிள்ளைதான்.

பிரான்சிலிருந்து மகள் லவீனா அனுப்பிய செம்மஞ்சள் குளிசை அது. காரட்டில் இருக்கிற சத்தாம். அன்ரிஒக்சிடன்ற், உடம்பில் சேருகிற நஞ்சை முறிக்கும் என்று போனில் சொன்னாள். நஞ்சை முறிக்குமென்றால் சுருட்டுப் புகையையும் முறிக்கும்தானே என்று லூர்த்தம்மா தானாகவே முடிவுகட்டினாள். அதுவரை நாளுக்கு ஒரு சுருட்டுக்கு மேல் விடாதவள் மனமிரங்கி இரண்டாக்கினாள், பிறகு மூன்றாக்கினாள். பாவம், அந்த மனுசனுக்கு வேறென்ன ஆசை இருக்கிறது?

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை, செபநாயகத்தின் இருமலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. அங்கேயிருந்த இளம் பெண் டொக்டர் குளிசைப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தச் சத்து சாப்பாட்டில் வந்தால் நல்லது. புகைக்கிற ஆட்கள் குளிசையாக விழுங்கினால் நுரையீரலில் புற்றுநோய் வருகிற ஆபத்தைக் கூட்டும், இன்றைக்கே நிறுத்துங்கோ, சுருட்டையும் விடுங்கோ என்றாள். எக்ஸ்ரேயில் இப்போதைக்குப் பயமில்லை என்றும் சொன்னாள். அது லூர்த்தம்மாவின் காதில் ஏறவேயில்லை.

ஓட்டோவில் லூர்த்தம்மா அந்தப் போத்தலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் கால் வைத்ததும் உடைந்துபோனாள்.

“என்ரை கையாலையெல்லோ ரெண்டையும் தந்தனான். உங்களுக்கு ஒண்டு நடந்தா நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுவன்?”

செபநாயகத்துக்கு ஆறுதல் சொல்லி வராது.

“நீ தராட்டி களவாச் சுருட்டுப் பத்தியிருப்பன். அழாதை.”

அவள் இராச்சாப்பாடும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

காலையில் தேத்தண்ணியோடு கரைக்குப் போனாள். கிழிந்த வலை பொத்துகிற இடத்தில் கூட்டாளி கனிசியஸின் வாயில் சுருட்டுப் புகைந்தது. எந்நாளும் அவனை ஒட்டியே குந்தியிருக்கிற மனுசனைக் காணவில்லை. அவள் தேடிக்கொண்டு வள்ளத்தைச் சுற்றிப் போனாள். வள்ளத்துக்கு அந்தப்பக்கம், புகை வராத காற்றுப்பக்கமாகச் செபநாயகம் தனியே இருந்தார். வலை மடியில் சும்மா கிடந்தது. வலக்கையின் இரண்டு விரல்கள் உதட்டருகே போய்ப் போய்த் திரும்பின.

லூர்த்தம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் மணலில் இருந்தாள். அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்தாள். நாலுபேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் அவர் இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு விரல்களும் அவளுடைய பெருவிரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன.