பிறை போட்ட கப்பு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவே இல்லை. எங்கள் சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் போதும், 'கப்பு கவுத்த கனகா வந்துட்டா' என்று சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசியதெல்லாம் என் தம்பி சாமிதுரை. அடி வாங்கியது மட்டும் நான்.

எல்லாம் நீலாவதி அத்தையால் வந்தது. அத்தை என் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கப்புக்குப் பிடி ஒட்டும் வேலை. அச்சிலிருந்து எடுத்த கப்பு காய்ந்தும் காயாமலும் இருக்கும்போதே, கரைத்த மண்ணைத் தொட்டுப் பிடியை ஒட்டி, ஈரத் துணியால் துடைத்துப் பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் கப்பின் அடியில் ஊசியால் தன் அடையாளத்தைக் கீறுவாள். சூளையில் பிடி கழன்று விழுந்தால் யாரைத் திட்டுவது என்று மேஸ்திரிக்குத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான். ஒருத்திக்கு மூன்று புள்ளி, ஒருத்திக்கு மீன், ஒருத்திக்கு ஏணி. அத்தைக்குப் பிறை.

திட்டுவதற்காக வைத்த அந்த அடையாளம் எங்களுக்கு விளையாட்டாகிப் போனது. எங்கே கப்பைக் கண்டாலும் நானும் தம்பியும் கவிழ்த்துப் பார்ப்போம். ஜங்ஷனுக்கு எதிரே இருந்த டீக்கடை, டீச்சர் வீடு, கல்யாணப் பந்தல், எதையும் விட்டதில்லை. முதலில் பிறையைக் கண்டு சொல்கிறவருக்கு அன்று அத்தை பக்கத்தில் படுக்கும் உரிமை. இது லேசுப்பட்ட பரிசு இல்லை. அத்தை மேல் ஈர மண் வாசனை அடிக்கும். முழங்கை மடிப்பில் எவ்வளவு தேய்த்தும் போகாத வெள்ளை மண் ஒட்டியிருக்கும். அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே கதை கேட்கலாம். ஒருமுறை ஸ்ரீமுஷ்ணத்தில் யாரோ ஒருவர் வீட்டில் பிறையைப் பார்த்துவிட்டு, இந்த ஊர் வரைக்கும் எங்கள் அத்தை வந்திருக்கிறாளே என்று நான் பூரித்துப் போனேன்.

வீட்டில் இருந்ததெல்லாம் சூளையில் கோணிப்போன கப்புகள். தரையில் வைத்தால் ஒரு பக்கம் சாயும். அதில்தான் எங்களுக்குப் பால், கஞ்சி, மருந்து எல்லாம். நேராக நிற்கிற கப்பில் குடித்தால் இன்றைக்கும் எனக்கு என்னவோ குறைகிற மாதிரி இருக்கும்.

அறுபத்தெட்டாம் வருஷம், மாசி மகம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஏழு வயது, தம்பிக்கு நாலு. அத்தையைப் பெண் பார்க்கப் பெண்ணாடத்திலிருந்து வருகிறார்கள் என்று அப்பா சொன்னார். மாப்பிள்ளை சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறார், சொந்தத்தில் கரும்புக் கொல்லை இருக்கிறது, நல்ல இடம். ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பெண் வேலைக்குப் போவது பிடிக்காதாம். அதனால் அத்தை கம்பெனிக்குப் போவதைச் சொல்லக்கூடாது, வீட்டிலிருந்து தையல் கற்றுக்கொள்கிறாள் என்று சொல்ல வேண்டும். கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று அப்பா அம்மாவைக் கேட்டார். அத்தைக்கு இருபத்துநாலு வயது. இந்த இடமும் தட்டிப்போனால் அப்புறம் யார் வருவார்கள் என்பதுதான் அவர் கவலை.

என்னையும் தம்பியையும் உட்கார வைத்து, கம்பெனி என்ற பேச்சே வாயில் வரக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கினாள். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். தம்பி மாசி மகத்தில் வாங்கிய ஊதலை ஊதிக்கொண்டே செய்தான். அப்போதே எனக்கு அவன் மேல் நம்பிக்கை இல்லை.

அத்தை காலையில் சீக்கிரம் எழுந்தாள், கிணற்றடியில் நார் போட்டு முழங்கையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கம்பெனிச் சங்கு ஊதவில்லை. எனக்குத் தலை வாரிவிட்டாள், தம்பியைக் குளிப்பாட்டினாள், வாசலில் கோலத்தைப் பெரிதாகப் போட்டாள். அவள் கோலத்தில் எங்கேயாவது ஒரு பிறை இருக்கும். அன்றைக்கு எவ்வளவு தேடியும் இல்லை.

அம்மா ஆறு எவர்சில்வர் டம்ளரைப் புளி போட்டு விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்தாள். மத்தியானம் அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு துணி மூட்டையை எடுத்து வந்தாள். அதற்குள் வைக்கோல் சுற்றிய எட்டு கப்பு, எட்டு சாசர். ஒன்றிலும் கோணல் இல்லை. விளிம்பில் நீலக் கோடு. எப்போது வாங்கி வைத்தாளோ, நாங்கள் பார்த்ததே இல்லை.

டம்ளரே இருக்கட்டுமே என்றாள் அம்மா.

"நாலு பேரு வர்ற எடத்துல கப்புதான் அண்ணி நல்லாருக்கும்," என்றாள் அத்தை.

நான் ஒன்றை எடுக்கப் போனேன். கையில் பட்டென்று ஒரு தட்டு. காப்பி ஊற்றித் தரும்போதுதான் தொட வேண்டுமாம். இரண்டு கப்பு எனக்கும் தம்பிக்கும் என்று அவளே சொன்னாள். பெரியவர்களோடு சேர்த்து எங்களுக்கும் புதுக் கப்பா! அடியில் பிறை இருக்குமா, மீன் இருக்குமா என்று எனக்கு நிலைகொள்ளவில்லை. தம்பிக்கும் அதே நினைப்பு என்பது அவன் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

நாலு மணி பஸ்ஸில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த திட்டக்குடி மாமா. ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி என்ன வகுப்பு படிக்கிறேன் என்று கேட்டார். அவர் கட்டியிருந்தது புது வேட்டி, மடிப்புக்கூடக் கலையவில்லை. தம்பி எனக்கு எதிரே உட்கார்ந்தான். மாப்பிள்ளையின் அம்மா வீட்டைச் சுற்றிலும் பார்த்துவிட்டு, பெண் எதுவரை படித்திருக்கிறது, என்ன செய்கிறது என்று கேட்டார். எட்டாவது, இப்போது தையல் கற்றுக்கொள்கிறது என்று அப்பா சொன்னார். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது.

அத்தை காப்பித் தட்டோடு வந்தாள். பெரியவர்களுக்குக் கொடுத்தாள். பிறகு மறுபடியும் உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். வந்தவர்கள் எதிரில் பிள்ளைகளுக்கு எதற்கு என்று அம்மா கண்ணாலேயே கேட்டாள். அத்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, காப்பி ஆறிப்போயிருக்கிறதே என்றார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கை கப்பின் அடிக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்று ராத்திரி அத்தை பக்கத்தில் அவன் படுப்பான். அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கப்பைக் கவிழ்த்துவிட்டேன்.

காப்பி முழுவதும் பெரியவரின் புது வேட்டியில். அவர் துள்ளி எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் தொடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சுடல, சுடல, புள்ளைய திட்டாதீங்க," என்றார். நான் கவிழ்ந்த கப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதன் அடி எல்லோருக்கும் தெரிந்தது.

"பெற," என்றான் தம்பி. "அத்த போட்டது. அத்த கம்பெனில போட்டது."

செய்த சத்தியத்தை ஊதலோடு ஊதிவிட்டான். மாப்பிள்ளையின் அம்மா என்ன பிறை என்று கேட்டார். தம்பி எழுந்து போய் அவர் கப்பின் அடியைக் காட்டினான். அவர் கப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார். அதிலும் பிறை. திட்டக்குடி மாமா என்னவோ சொல்லி மழுப்பப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைக் கவனிக்காமல் அத்தையையே கேட்டார்.

"நீ கம்பெனிக்குப் போறியாம்மா?"

"போறேங்க. நாலு வருசமா போறேன்," என்றாள் அத்தை. தலையைக் குனியவில்லை.

போய்க் கடுதாசி போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேட்டியில் காப்பிக் கறையோடு பெரியவர் பஸ் ஏறிய கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பஸ் மறைந்ததும் அம்மா விசிறிக் காம்பை எடுத்தாள். தம்பி சின்னப் பையனாம், தெரியாதாம். நான்தான் வளர்ந்த கழுதையாம். காலில் நாலு கோடு விழுந்தது. அப்பா அடிக்கவில்லை. வாசல் குறட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அடியைவிட வலித்தது.

அன்று சாயங்காலம் அத்தை என்னை மட்டும் ஆற்றுப் பக்கம் கூட்டிப் போனாள். மணிமுத்தாற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது. மகத்துக்குப் போட்ட கடைகளில் ஒன்றிரண்டு பாக்கி இருந்தன. எனக்கு ஒரு முழுப் பொரியுருண்டை வாங்கித் தந்தாள். தம்பிக்குப் பாதி கொடுக்க வேண்டாமா என்றேன். வேண்டாம், முழுசும் உனக்குத்தான் என்றாள். மணலில் உட்கார்ந்து என் காலில் இருந்த கோடுகளைத் தடவிக்கொடுத்தாள். நான் அழுதேன், அவளும் அழுதாள். கல்யாணம் நின்றுவிட்டதே என்று அழுகிறாள் என்று நினைத்தேன். அன்று ராத்திரி என்னைத்தான் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். இவ்வளவு செய்தும் நம்மை மன்னித்துவிட்டாளே என்று எனக்கு அவள் மேல் உயிர்.

நாலாம் நாள் கார்டு வந்தது. ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருந்தவில்லையாம்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அத்தை காலையில் சங்குச் சத்தத்துக்குக் கிளம்பிப் போகும்போதெல்லாம், என்னால்தானே இன்னும் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். எந்த வீட்டிலும் கப்பைக் கவிழ்த்துப் பார்க்கவே மாட்டேன். எழுபதில் ஸ்ரீமுஷ்ணம் தர்மராஜ் மாமா அத்தையைப் பெண் பார்க்க வந்தார். பெண் கம்பெனிக்குப் போகிறாள் என்று அப்பா வந்தவர்களிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார். போகட்டுமே என்றார் மாமா. கல்யாணமாகி அத்தை தினமும் காலை பஸ்ஸில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வேலைக்கு வந்து போனாள். கைக்குழந்தை இருந்தபோது அதையும் தூக்கிக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். அவள் மகள் பெரியநாயகியும் கோணல் கப்பில்தான் பால் குடித்தாள்.

எழுபத்தொன்பதில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தேன். அத்தை விடியற்காலையிலேயே வந்துவிட்டாள். அடுப்படியில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நீலக்கோட்டுக் கப்புகளில் ஆறுதான் மிச்சம். அதைத் துடைத்துக்கொண்டே டம்ளரா, கப்பா என்று கேட்டாள். பதினொரு வருஷமாகச் சொல்ல நினைத்ததை அப்போதுதான் சொன்னேன். அன்னைக்கு ஓன் கல்யாணத்த நாந்தான் கெடுத்தேன், மன்னிச்சிரு அத்த என்றேன்.

அத்தை கப்பைக் கீழே வைத்தாள்.

"காப்பிய ஆற வச்சுத்தான் ஊத்துனேன் கனகா," என்றாள். "நீ கவுப்பன்னு தெரியும். புள்ள மேல சூடு படக்கூடாதில்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வந்த கோபத்தில் கப்பை அவள் மேலேயே எறிந்திருப்பேன். நாலு கோடு, பதினொரு வருஷக் கேலி, எத்தனை ராத்திரி அழுகை! இவள் ஆற்று மணலில் உட்கார்ந்து அழுதது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அந்த முழுப் பொரியுருண்டையும் புரிந்தது. அண்ணன் எதிரில் வாயைத் திறந்து 'வேலைய வுட மாட்டேன்' என்று சொல்ல முடியாதவள், ஏழு வயதுப் பிள்ளையின் கையில் கப்பைக் கொடுத்திருக்கிறாள்.

வெளியே பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கப்புலயே ஊத்து," என்றேன். "சூடா ஊத்து."