சீனியம்மாள் இல்லாத சமாதானம்

தலைவர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்ற ஆசை ரங்காத்தாளுக்குப் பதவிக்கு வந்த பிறகுதான் வந்தது.

பெருமாநல்லூருக்கு வடக்கே இருந்த அவர்கள் ஊராட்சியை அந்தத் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நிற்பதற்கு வெகுநாளாகக் காத்திருந்த சுப்பண்ணன், வேறு வழியில்லாமல் மனைவியை நிறுத்தினார். சுவரொட்டியில் அவர் படம் பெரிதாகவும் அவள் படம் மூலையில் சிறிதாகவும் இருந்தது. ஜெயித்தாள். பதவியேற்ற அன்று மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து சுப்பண்ணன், காலையில் பனியன் துணி பின்னும் தன் நிட்டிங் ஷெட்டைத் திறந்து மெஷின்களை ஓடவிட்டபின், ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் அதில் உட்கார்ந்துகொண்டார். கையெழுத்துப் போட வேண்டியவை வீட்டுக்கு வந்தன. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து போட்டாள்.

"பிரசிடெண்டுங்க இருக்காங்களா?" என்று வாசலில் யாராவது கேட்பார்கள். அவள் வெளியே வந்தால், அவளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு மத்தியான வேளைகளில் தனியாக இருக்கும்போது, வந்தவர்களுக்குத் தானே பதில் சொல்வதுபோல் நினைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். எந்தத் தெருவுக்கு விளக்கு வேண்டும், பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு எங்கே கழிப்பறை கட்டலாம் என்றெல்லாம் மனசுக்குள் பேசுவாள். அரிசி பொங்கி வழிந்ததும் எழுந்து போவாள்.

அடுத்த கோடையில்தான் அந்தச் சண்டை நடந்தது. பழைய தெருவுக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவில் ஒரே ஒரு பொதுக்குழாய். ஒரே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அந்த லைன் வீடுகளில் இருந்தவர்கள் மதுரை, சிவகங்கைப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆற்றுத் தண்ணீர் என்றைக்கோ ஒரு நாள்தான் வரும். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் முந்தியது யார் என்று வாய்ச்சண்டை மூண்டது. பழைய தெருச் சின்னாத்தாளின் மகன் திருமூர்த்தி, லைன் வீட்டுச் சீனியம்மாளின் மகன் முனீஸைப் பிடித்துத் தள்ளினான். முனீஸ் கையிலிருந்த குடத்தை வீசினான். திருமூர்த்தியின் நெற்றி பிளந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் லைன் வீட்டுக் கதவுகளில் கல் விழுந்தது. மறுநாள் ஊர்க் கடைகளில் அவர்களுக்குச் சாமான் கொடுக்கவில்லை. தெருமுனையில் போலீஸ் வேன் நின்றது.

ரங்காத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. சுப்பண்ணன் நிட்டிங் மெஷின் வாங்குவதற்கு முன்னால் அவளும் சீனியம்மாளும் ஒரே கம்பெனியில் செக்கிங் பார்த்தவர்கள். ஒரே டேபிளில் எதிரெதிரே நின்று பனியனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். ரங்காத்தாளுக்கு மகள் பிறந்தபோது, பிள்ளை பெற்றவளுக்கென்று கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டு முதலில் வந்து நின்றவள் சீனியம்மாள்.

தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் என்று தகவல் வந்தது. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், இரு தரப்பிலும் பெரியவர்கள் வர வேண்டும். அன்று காலையில் ரங்காத்தாள் பட்டுக்கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எங்க கெளம்பிட்ட?" என்றார் சுப்பண்ணன்.

"கூட்டத்துக்குங்க. தலைவர் வரோணும்னு சொல்லியிருக்காங்களே."

"அடிதடி விசயம் புள்ள. போலீசு, கட்சிக்காரன்னு நிப்பாங்க. பொம்பளைக்கு அங்க என்ன வேல? நா பேசி முடிச்சுப்போட்டு வாரன்."

வண்டிச் சத்தம் தெருமுனையில் மறையும்வரை நின்றாள். உள்ளே வந்தும் சேலையை மாற்றவில்லை. அதோடேயே பாத்திரம் தேய்த்தாள், துணி மடித்தாள். அங்கே இப்போது யார் பேசிக்கொண்டிருப்பார்கள், தான் இருந்தால் எந்த இடத்தில் வாயைத் திறந்திருப்பாள் என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வேல்விழி வந்தாள். லைன் வீட்டுப் பகுதியின் வார்டு உறுப்பினர் அவள், ஓவர்லாக் மெஷினில் பனியன் தைக்கும் டெய்லர். முகம் வாடியிருந்தது.

"நீ போயிருந்தியா கண்ணு?"

"போனேன்க்கா. வராண்டாவுல நிக்க வச்சுட்டாய்ங்க. மெம்பர்னு சொன்னேன். ஆம்பளையாள் யாரும் இருந்தா உள்ள அனுப்புங்கன்னாக. எங்க ஆளுகள்ல ரெண்டு பேரு போனாக. நான் சன்னல் வழியாக் கேட்டேன்."

"என்ன முடிவு பண்ணுனாங்க?"

"பழைய தெரு புடிச்சு முடிச்ச பெறகுதான் நாங்க புடிக்கணுமாம். அதுக்குள்ள தண்ணி நின்னுரும்க்கா. முனீஸ் குடும்பம் ரூமைக் காலி பண்ணிரணும். அப்படின்னா கேஸ் இல்லையாம். முனீஸ் அப்பாவும் தலையாட்டிட்டாரு." வேல்விழி ரங்காத்தாளின் சேலையைப் பார்த்தாள். "நீங்க வருவீகன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

ரங்காத்தாள் அப்படியே லைன் வீடுகளுக்கு நடந்தாள். சீனியம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா ரங்கா" என்றாள், கையை நிறுத்தாமல். "இவரு சரின்னுட்டு வந்துட்டாரு. ஏங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நீ இருந்தீல்ல, நீ என்ன சொன்ன?"

"நா போவல சீனி. அவருதான் போனாரு."

சீனியம்மாளின் கை நின்றது. "ஓட்டுப் போட்டப்ப நம்ம ரங்கா இருக்குன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ரங்காத்தாளால் தாங்கியிருக்க முடியும்.

வாரம் முடிவதற்குள் அவர்கள் மதுரை பஸ் ஏறிவிட்டார்கள்.

தண்ணீர் வரும் நாட்களில் ரங்காத்தாள் குழாய்ப் பக்கம் போய் நிற்கத் தொடங்கினாள். பழைய தெரு பிடித்து முடிக்கையில் குழாயில் காற்றுதான் வரும். லைன் வீட்டுப் பெண்கள் காலிக் குடத்தோடு ஷிப்டுக்கு ஓடுவார்கள். ஒரு நாள் சின்னாத்தாள் தன் குடத்தை நகர்த்திவிட்டு, பின்னால் நின்ற ஒரு கர்ப்பிணிக்கு இடம் விட்டாள். சின்னாத்தாளின் புருஷன் தெருவிலிருந்து அதட்டினான். சின்னாத்தாள் தலைகுனிந்து குடத்தை மறுபடி வைத்தாள். அதைப் பார்த்தபோதுதான் ரங்காத்தாளுக்கு ஒன்று பிடிபட்டது. அந்தக் கூட்டத்தில் இல்லாமல் போனது தான் மட்டுமல்ல, குடம் தூக்கும் இந்தப் பெண்களில் ஒருத்தியும் அங்கே இல்லை.

சுதந்திர தினத்தன்று கிராம சபை. காலையில் சுப்பண்ணன் வெள்ளைச் சட்டையை மாட்டும்போது சொன்னாள்:

"ஏனுங்க, இன்னிக்குச் சபையை நா நடத்தறனுங்க."

"நானும் கூட இருக்கறன்."

"வாங்க. சனத்தோட உக்காருங்க."

சுப்பண்ணன் பொத்தானில் கை வைத்தபடி அவளையே பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் அன்று வழக்கத்துக்கு மாறாகப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். கம்பெனி விடுமுறை என்பதால் வேல்விழி லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டியிருந்தாள். பழைய தெருப் பெண்களை ரங்காத்தாள் நேரில் போய் அழைத்திருந்தாள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"தண்ணி விசயத்தைத் திரும்பப் பேசோணுங்க."

"அதுதான் சமாதானம் பேசி முடிச்சாச்சுங்களே" என்றார் முன்வரிசையில் ஒருவர். "மறுக்கா எதுக்குக் கிளறிக்கிட்டு?"

"பேசுனது ஆருங்க? கொடம் தூக்கறது ஆருங்க? தூக்கறவங்கள்ல ஒருத்தராச்சும் அங்க இருந்தாங்களா?"

ஆண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. யாரோ சுப்பண்ணனின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். ரங்காத்தாள் மைக்கை விடவில்லை. அப்போது பெண்கள் நடுவிலிருந்து சின்னாத்தாள் எழுந்தாள்.

"மண்டை ஒடஞ்சது எம் பையனுக்குங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்தப் பையனை எங்கூட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருப்பேன். எம் பையன் மொதல்ல தள்ளுனதுக்கு அவனையுங் கேக்க வெச்சிருப்பேன். ஒரு குடும்பத்தை ஊர வுட்டே அனுப்பச் சொல்ல எனக்கு மனசு வந்திருக்காதுங்க."

அவள் புருஷன் எழுந்து வெளியே போய்விட்டான். ஆனால் அதன்பின் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள். பேச்சு நீண்டது, இரண்டு முறை சத்தமும் போட்டுக்கொண்டார்கள். கடைசியில், லைன் வீட்டுப் பக்கம் இன்னொரு குழாய் போடுவது, அதுவரை எல்லோருக்கும் ஒரே வரிசை, இனித் தகராறு எதுவானாலும் இரு பக்கப் பெண்களும் சரிபாதியாக உட்கார்ந்து பேசுவது என்று தீர்மானமானது. முனீஸ் குடும்பம் திரும்பி வரலாம் என்பதற்குக் கை தூக்கச் சொன்னபோது, சின்னாத்தாளின் கைதான் முதலில் உயர்ந்தது. சுப்பண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கவில்லை; எழுந்து போகவுமில்லை.

கூட்டம் முடிந்து சுப்பண்ணன் அவளோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "தொண்டை கட்டிப்போச்சு உனக்கு. சுடுதண்ணி வெச்சுக் குடி" என்றார்.

மறுநாளிலிருந்து ரங்காத்தாள் அலுவலகம் போனாள். சில நாள் அவர் கூட வந்தார், சில நாள் வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் புதுக் குழாய் வந்துவிட்டது. அன்று வேல்விழியின் செல்போனை வாங்கி உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்த சீனியம்மாளுக்குப் பேசினாள்.

"சீனி, நாந்தான். கொழா போட்டாச்சு. ஊர்ல எல்லாரும் வரச் சொல்லியாச்சு. எப்ப வர்றீங்க?"

அந்தப் பக்கம் ஆடு கத்தும் சத்தம் கேட்டது.

"வேல்விழி சொன்னா, ரங்கா. நீ மைக்குல பேசுனியாமே. பாக்கக் குடுத்து வைக்கல." ஆட்டை விரட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "முனீஸ் கேரளாவுக்குப் போயிட்டான். சின்னவளை இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. அந்த ரூம்ல இப்ப ஆளு இருக்காகளா?"

"இந்திக்காரப் பசங்க இருக்காங்க. வேற ரூம் நா பாத்து வெக்கறன். நீ வா."

"வரணும்னுதான் இருக்கு."

ரங்காத்தாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்தப் பையனுக்கு நெத்தியில தழும்பு விழுந்துருச்சா?" என்றாள் சீனியம்மாள்.

"சின்னதா இருக்குது சீனி. முடியை முன்னால இழுத்து வுட்டா தெரியறதில்ல."

"நல்லதாப் போச்சு" என்றாள். அதன்பின் இருவருமே போனை வைக்கவில்லை.