அரை வயலின்

ஏழு வயதில் மேடையேறியவளை ஊர் உலகமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பத்திரிகைக்காரன் எவனோ வைத்த 'பொடிசு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பதினெட்டு வயது, அப்பாவை விட அரை அடி உயரம். இன்னும் பொடிசுதான்.

அந்தப் பெயரைக் கட்டிக்காத்தவள் அம்மா. குழந்தைகளுக்கென்று 'அரை வயலின்' என்று சின்ன அளவில் உண்டு. கை வளர வளர மாற்ற வேண்டும். பதினோரு வயதிலேயே கடைக்காரர், "இனிமே பெரிசு எடுங்கம்மா, விரல் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்குது பாருங்க" என்றார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய வயலினைப் பிடித்தால் பெண் பெரியவளாகத் தெரிவாள், அப்புறம் எவன் கூப்பிடுவான்? கவுன் தைத்துப் போட்டு, அரை வயலினையே கையில் திணித்தாள். பதினாறு வரை நடந்தது இந்தக் கூத்து. பிறகு கூப்பிடுவதற்கு ஆளே இல்லை. அப்போதுதான் முழு வயலின் வீட்டுக்கு வந்தது.

இன்று இசைக்குழுவில் ஒரே ஓர் இடத்துக்குத் தேர்வு. "இதுவும் இல்லேன்னா நான் இதைத் தொடவே மாட்டேம்மா" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள் பெண். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படி.

நடுவர்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். யார் வாசிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. பெயர் கிடையாது, பதினான்காம் எண் மட்டும். அம்மா நடையில், மூடிய கதவருகே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. வேகம் கூடியதும் விரல்கள் பழைய இடங்களைத் தேடிப் போயின. பெரிய வயலினில் சுரங்கள் அதைவிடத் தள்ளித் தள்ளி இருந்தன. ஒவ்வொரு சுரமும் ஒரு மயிரிழை கீழே விழுந்தது. அம்மாவுக்கே கேட்டது. பாதியில் மணி அடித்தது.

"போதும், நன்றி" என்றது ஒரு குரல்.

பெண் வெளியே வந்து வயலின் பெட்டியைத் தரையில் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. அப்போ நான் நல்லா வாசிச்சேனா? இல்ல, சின்னப் பிள்ளைன்னு கை தட்டினாங்களா?"

அம்மா குனிந்து பெட்டியின் தூசியைத் தட்டினாள், கொக்கியைச் சரிபார்த்தாள். நானூறு கச்சேரிகளிலும் முதல் வரிசையில் உட்கார்ந்து, அவள் திரும்பித் திரும்பிப் பார்த்ததெல்லாம் சபையின் முகங்களைத்தான். வாசிப்பை மட்டும் கேட்டது இன்றுதான், இந்தக் கதவுக்கு வெளியே.

"நல்லாத்தான் வாசிச்சே கண்ணு."

தாளத்தில் மட்டும் பிழையே செய்யாத பெண் அவள். பதில் எவ்வளவு தாமதமாக வந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு, பெட்டியை அங்கேயே விட்டுப் படியிறங்கிப் போனாள்.