இன்னும் முடியல

“அந்தப் புகாரை எழுதினதுக்கு எங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. இங்க இல்ல. வெளிய, மைக் முன்னால, எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

இதை மட்டும் சபைச் செயலாளரிடம் கேட்டுவிடாதே என்று அப்பா நான்கு வருடமாக அவளிடம் சொல்லிவந்தார். இனி சொல்லமாட்டார். வெளியே முற்றத்தில், தார்ப்பாய் நிழலில், பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்றுக் காலை ஆஸ்பத்திரிச் சலவை அறையில், மடித்து அடுக்கிய போர்வைகளின் மேல் அப்படியே சாய்ந்துவிட்டாராம். கொஞ்ச நேரம் களைத்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

சபைச் செயலாளர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சட்டைக்கு மட்டும் கசங்கத் தெரியாது. மூன்று மணி ஜெபத்தில் போதகருக்கு முன்னால் சபையின் சார்பாக நாலு வார்த்தை பேச அவரைத்தான் வைத்திருந்தார்கள். தேதியெல்லாம் சரியா என்று பார்க்க அவர் எழுதிவந்த தாளை அவள் வாங்கினாள். முதல் வரியிலேயே இருந்தது: ‘அன்பான வார்த்தைகளால் எண்ணற்றோரைத் தேற்றிய நம் அருமைச் சகோதரர்.’ அதற்குமேல் படிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஏய், என்ன பேச்சு இது,” என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. “ஐயா, மனசுல வச்சுக்காதீங்க. ராத்திரி பூரா அவ தூங்கல.”

“நல்லாத் தூங்கினேம்மா. தூங்கி எந்திரிச்சு, யோசிச்சுட்டுத்தான் கேக்கறேன்.”

“படிக்க வச்சதுக்கு நல்ல பலன்.”

“ஆமா. இதுக்குத்தான் படிக்க வச்சார்.”

அந்த வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள். ஒரு பெரிய அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. செயலாளரின் கடிதத்தின் நகலை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு எழுத்துப்பிழை இல்லை. ஒரு மனுஷனின் வாயைக் கட்டுவதற்கு எவ்வளவு சுத்தமான நடை என்று அன்றே நினைத்தாள்.

அப்பா இருபத்தாறு வருடம் ஸ்ட்ரெச்சர் தள்ளினார். வார்டு வாசலிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் நீளமான ஒரு பாதை, நடுவில் ஒரு லிஃப்ட், ஒரு திருப்பம். படுத்துக்கொண்டு போகிறவனுக்குக் கூரையும் விளக்கும்தான் தெரியும். “மனுஷன் நடக்கிற தூரத்தைவிட படுத்துட்டுப் போற தூரம் ரொம்பப் பெருசும்மா,” என்பார். சக்கரம் தானாக உருளும், கர்த்தர் எனக்கு வாய் கொடுத்தது அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் என்பது அவர் கட்சி. பயந்து நடுங்குகிறவரிடம் பிள்ளைகளின் பெயரைக் கேட்பார். கோபக்காரரிடம் கூரையில் எத்தனை விளக்கு என்று எண்ணச் சொல்லி, எண்ணிக்கை தப்பு என்று சண்டை பிடிப்பார். வசனம் சொல்லமாட்டார். “அவங்கவங்க சாமிய அவங்கவங்க கும்பிட்டுட்டு வர்ற நேரம் அது. நாம நடுவுல புகுந்து கூவக்கூடாது.” சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்தால் அன்றைய பயணிகளின் கதை வரும். ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி, ‘பயணிகள்’ என்றுதான் சொல்லுவார். ஆளைச் சொல்லமாட்டார், நோயைச் சொல்லமாட்டார், சிரித்ததை மட்டும் சொல்லுவார். அவளும் அம்மாவும் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவார்கள்.

தியேட்டர் கதவு வந்ததும் குனிந்து, காதருகே ஒரே ஒரு வார்த்தை. “இன்னும் முடியல.”

உன் கதை இன்னும் முடிந்துபோகவில்லை, உன்னைக் கர்த்தர் இன்னும் கைவிட்டுவிடவில்லை என்று அர்த்தம். ஆனால் அது அவர் மனதுக்குள் இருக்கிற அர்த்தம். கேட்கிறவர்களுக்கோ, உடம்புக்கு இன்னும் முடியவில்லை என்றோ, இனிமேல் முடியாது என்றோதான் விழும். ஒரு பாட்டையா படுத்தபடியே, “முடியலன்னுதானேய்யா இங்க கூட்டிட்டு வந்திருக்காங்க” என்று சொல்லி, மயக்க மருந்து கொடுக்கும்வரை சிரித்தாராம்.

“‘இன்னும் முடிஞ்சிடல’ன்னு சொல்லுங்கப்பா. அர்த்தமே மாறிப்போகுது,” என்று அவள் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறாள்.

“அது நீளமா இருக்கும்மா. சொல்லி முடிக்கறதுக்குள்ள கதவ மூடிடறாங்க.”

அவளே ஒரு முறை மாட்டியிருக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் கணக்கில் தோற்று, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்து பக்கத்தில் குந்தி, “இன்னும் முடியலம்மா” என்றார். உன்னால் முடியவில்லை என்று பெற்ற தகப்பனே சொல்லிவிட்டான் என்று மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் அப்பாவோடு ஸ்ட்ரெச்சரின் மறுமுனை பிடிக்கிறவர் வீட்டுக்கே வந்தார். சக்கரத்துக்குப் பிரேக் போட மறந்து, வார்டிலிருந்து காலி ஸ்ட்ரெச்சரைத் தனியே ஓடவிட்டதால் அவருக்குப் பேரே பிரேக். “பாப்பா, உங்கப்பன் பேச்சுக்கு உரை எழுதற வேலையும் எனக்கே குடுத்துட்டான்,” என்று தலையில் அடித்துக்கொண்டு அர்த்தம் சொன்னார். அப்பா வாசலிலேயே நின்றார், உள்ளே வரக் கூச்சப்பட்டு.

பிறகுதான் செயலாளரின் மனைவி அந்த ஸ்ட்ரெச்சரில் படுத்தார். நடுங்கினார். அப்பா எப்போதும்போலப் பேசிக்கொண்டே தள்ளிப்போய், கதவருகே சொல்ல வேண்டியதைச் சொன்னார். பின்னால் வந்த செயலாளர் காதிலும் அது விழுந்தது. மூன்றாம் நாள் அந்த அம்மா இறந்துபோனார். பத்தாம் நாள் கடிதம் போனது: சிகிச்சைக்குச் செல்லும் நோயாளியிடம், அவர் பிழைக்கமாட்டார் என்று ஒரு ஊழியர் கூறியுள்ளார்.

அப்பாவைச் சலவை அறைக்கு மாற்றினார்கள். நோயாளிகளோடு பேசக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். “அங்க யார்கிட்டப்பா பேசுவீங்க?” என்று கேட்டபோது, “போர்வைங்ககிட்டதான். அதுங்களும் நம்மள மாதிரி ரொம்பப் பாத்ததுங்க” என்றார். அதற்கு அவளும் அம்மாவும் சிரித்தார்கள். ஆனால் சாயங்காலக் கதைகள் நின்றுபோயின. சூடு ஆறாத துணி வாசனையோடு வருவார், சாப்பிடுவார், படுப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே சபையில், அதே செயலாளருக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து பாடுவார். அவள்தான் சபைக்குப் போவதை நிறுத்தினாள்.

“ஐயா, நீங்க போய்ப் பேசுங்க,” என்றாள் அம்மா. “நேரமாச்சு.”

செயலாளர் எழவில்லை. “இரும்மா. அவ கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல.” கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “பாப்பா, நான் தப்பா காதுல வாங்கிட்டேன்னு நெனச்சிருக்கியா?”

“தப்பா வாங்கித்தான எழுதினீங்க.”

“இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள் அவ கண்ணு முழிச்சா. மொதல்ல கேட்டதே உங்கப்பாவத்தான். ‘அந்தத் தள்ளுவண்டித் தம்பி எங்க? இன்னும் முடியலன்னாரே, சரியாத்தான் சொல்லியிருக்காரு’ன்னு சிரிச்சா. அவளுக்குப் புரிஞ்சிருந்தது. அவ சொல்லி எனக்கும் புரிஞ்சுது.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “மறுநாள் போயிட்டா. யார்மேலயாவது கோபப்படணும் போல இருந்தது. டாக்டர்மேல பட பயம். கர்த்தர்மேல பட அதைவிட பயம். உங்கப்பாமேல படறது சுலபமா இருந்தது. தெரிஞ்சேதான் எழுதினேன்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முற்றத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.

“அப்பாவுக்கு இது தெரியுமா?”

“போன வருஷம் சொன்னேன். சலவை ரூம் வாசல்ல நின்னு சொன்னேன். கையில இருந்த போர்வைய மடிச்சு முடிச்சுட்டுத்தான் நிமிர்ந்தார். ‘உங்க வீட்டம்மா போனப்புறம் வாய்விட்டு அழுதீங்களா ஐயா’ன்னார். இல்லன்னேன். உள்ள கூட்டிட்டுப் போனார். மெஷின் ஓடிட்டிருந்தது. ‘இங்க அழுதா வெளிய கேக்காது, நான் மூணு வருஷமா பாத்த எடம்’னு சொல்லிட்டு வெளிய போய் நின்னுக்கிட்டார்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த இரைச்சலில் அப்பா எத்தனை நாள் நின்றிருப்பார் என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை.

“அதுக்கப்புறமும் கடிதத்தைத் திரும்ப வாங்கல நீங்க.”

“வாங்கறேன்னேன். வேண்டாம்னார். உங்க பேரு கெட்டுப்போகும்னார்.”

“அவர் வேண்டாம்னுதான் சொல்வார். அவருக்கு வேற பேசத் தெரியாது. அவர் வேண்டாம்னா விட்டுடறதா?”

“விட்டுட்டேன்,” என்றார் அவர். “சௌகரியமா இருந்தது.”

அவள் கையிலிருந்த தாளை வாங்கி இரண்டாகக் கிழித்து, துண்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்தார். பாதி எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருடம் சபையில் எழுந்து நின்று அறிக்கை வாசித்த மனுஷன். “சொல்லிடறேன் பாப்பா. சொல்லணும்தான். ஆனா பாதியில வாயடைச்சு நின்னுடுவேன்னு பயமா இருக்கு. எல்லாரும் பாப்பாங்க.”

“வேண்டாம் ஐயா,” என்றாள் அம்மா. “அவர் மன்னிச்சாச்சு. விடுங்க. ஏய், நீயும் விடுன்னு சொல்லேன்.”

அவள் வாயில் பதில் தயாராக இருந்தது. நில்லுங்க, நாலு வருஷம் அவர் வாயடைச்சு நின்னாரே, பத்து நிமிஷம் நீங்க நின்னு பாருங்க. இதைச் சொல்லத்தான் நான்கு வருடமாக அவள் ஒத்திகை பார்த்தது. நல்ல வாக்கியம்தான். எழுதிக் கொடுத்தால் ஒரு எழுத்து மாற்ற வேண்டியிருக்காது.

செயலாளர் செருப்பைத் தேடிக் காலால் துழாவினார்.

“விடமாட்டேம்மா,” என்றாள். குந்தி உட்கார்ந்து, விலகிக் கிடந்த அவருடைய செருப்பை எடுத்து, அவர் பாதத்தருகே வைத்தாள். “பாதியில நின்னா நில்லுங்க. ஒண்ணும் ஆகாது. நான் பக்கத்துலயே இருக்கேன். தண்ணி குடிச்சுட்டு, எங்க நின்னதோ அங்கிருந்து ஆரம்பிங்க. எவன் சிரிக்கறான்னு நான் பாத்துக்கறேன்.”

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ பழகின குரலை வேறு ஆளிடம் கேட்டதுபோல.

“ஆம்பள புள்ளைங்க எத்தன பேரு ஐயா உங்களுக்கு?” என்று அவள் கேட்டாள், அவர் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து.

“ரெண்டு. மூத்தவன் தூரத்துல இருக்கான்.”

“என்ன வேலை?”

அவர் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே எழுந்தார். அவள் ஒரு கையால் கதவைத் திறந்தாள்.

வெளியே முற்றத்துக்குப் போகும் குறுகலான நடையில், வேலை உடையோடே வந்திருந்த ஸ்ட்ரெச்சர்காரர்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். செயலாளரைப் பார்த்தும் நகரவில்லை. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. பிரேக்தான் முதலில் நகர்ந்தார். அவர் முதுகைச் சுவரோடு ஒட்டி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள, ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். மூத்த மகனின் வேலையைப் பற்றி அடுத்த கேள்வியைக் கேட்டபடி, அவள் அவரை நடத்திக்கொண்டு போனாள்.