மின்வெட்டு காட்டிக்கொடுத்த கிருமி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது எனக்குச் சொந்தமான கதையல்ல. கொட்டாஞ்சேனைக் கலியாண வீடொன்றில் பக்கத்துக் கதிரையில் இருந்த பேர்ணடெற் சொன்னது. ஓய்வுபெற்ற தாதி. கையில் எடுத்த மீன் ரோல்ஸை, கேக் வெட்டக் கூப்பிடும்வரை அவர் கடிக்கவே இல்லை. அப்போதே எழுதுவதென்று முடிவுகட்டினேன்.

முதல் தொடக்கம்: “1996இல் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் சிப்பாய் நேசமலரின் பையைத் திறந்தபோது, உள்ளே கிருமிகள் நிறைந்த—”

சீ, வெட்டுகிறேன். யுத்த காலம் என்றதும் என் பேனை தானாகச் சாவடியில் போய் நிற்கிறது. சாவடி இருந்தது உண்மை. நேசமலர் தினமும் அடையாள அட்டையைக் காட்டித்தான் பொரளைப் பக்கம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போனாள். ஆனால் கிருமியைப் பையில் கொண்டு திரிய அவளுக்கென்ன விசரா?

2

கதை வெள்ளையம்மாவின் வலது காலைப் பற்றியது. முகத்துவாரத்தில் மீன்கூடை சுமப்பவள். தகரம் கிழித்த காயம் சீழ்பிடித்து, குளோக்சசிலின் ஊசி எத்தனை போட்டும் வற்றவில்லை. வெள்ளிக்கிழமை முழங்காலோடு எடுப்பதாகத் தீர்மானம். ஆய்வுகூட ரிப்போட்டோ, ‘ஸ்டெபிலோகொக்கஸ், குளோக்சசிலினுக்கு அடங்கும்’ என்றது. அடங்குகிற கிருமி ஏன் அடங்கவில்லை?

[விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். தட்டில் கிருமியைப் பூசி, மருந்து தோய்த்த கடதாசி வட்டை வைத்து, முப்பத்தேழு பாகைச் சூட்டுப்பெட்டியில் ஒருநாள் வளர்ப்பார்கள். மருந்துக்கு அடங்கினால் வட்டைச் சுற்றிக் கிருமியற்ற வெறும் வளையம் தெரியும். அடங்காவிட்டால் கிருமி வெட்கமில்லாமல் வட்டின் விளிம்புவரை வந்து நிற்கும்.]

அந்த வருஷம் மழை பொய்த்து மணிக்கணக்கில் மின்வெட்டு. சூடு இறங்கிய தட்டைப் பாராமலே கழித்துவிட்டு, புதிதாகச் செய்யவேண்டும் என்பது சட்டம். நேசமலருக்கு ஒரு கெட்ட பழக்கம்: கழிக்குமுன் ஒருமுறை பார்ப்பாள். செவ்வாய்க்கிழமை, மறுசோதனைக்கு வைத்திருந்த வெள்ளையம்மாவின் தட்டைப் பார்த்தாள். வளையம் இல்லை.

[‘அவள் கை நடுங்கியது’ என்று எழுதினேன். பேர்ணடெற் அப்படிச் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.]

3

“கறண்ட் போன பிளேட்டை வச்சு ரிப்போட் எழுதேலுமே, நேசமலர்?” என்றார் ஆய்வுகூடப் பொறுப்பு டொக்டர் கிளறன்ஸ்.

“சூடு முப்பத்துமூண்டுக்கு இறங்கினதாலதான் சேர் இது வெளிய வந்திருக்கு. முப்பத்தேழில ஒளிச்சுக்கொண்டு இருந்திருக்கு.”

“கிருமி ஒளிச்சுப்பிடிச்சு விளையாடுதோ?”

“ஓம் சேர். பிடிச்சுக் காட்டுறன்.”

[கிளறன்ஸை வில்லனாக்க எனக்குக் கொள்ளை ஆசை. பாழாய்ப்போன மனுஷன், “சரி, காட்டும்” என்று சொல்லிவிட்டார்.]

சத்திரசிகிச்சைக் கூடத்து ஜெனரேட்டரில் இரண்டு சூட்டுப்பெட்டிகளை மாட்டக் கெஞ்சி அனுமதி வாங்கினாள். ஒன்று முப்பத்தேழில், மற்றது முப்பத்துமூன்றில். ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டுகள்: வெள்ளையம்மாவின் கிருமி, மருந்துக்கு நிச்சயம் அடங்கும் சாதுக் கிருமி.

வியாழன் காலை. முப்பத்தேழில் இரண்டுக்கும் வளையம். முப்பத்துமூன்றில் சாதுவுக்கு வளையம். வெள்ளையம்மாவின் கிருமிக்கு வளையம் மருந்துக்கும் இல்லை. சூடு குறைந்தது குற்றமென்றால் சாதுவும் அல்லவா தப்பியிருக்க வேண்டும்?

கிளறன்ஸ் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். “எத்தினை பேருக்குப் பிழையா எழுதிப்போட்டமோ” என்றார். உடனே வார்டுக்கு டெலிபோன் எடுத்தார். மருந்து மாறியது. வெள்ளிக்கிழமைச் சத்திரசிகிச்சைப் பட்டியலில் வெள்ளையம்மாவின் பெயரை, அப்போது அந்த வார்டில் தாதியாக இருந்த பேர்ணடெற் தன் கையாலேயே வெட்டினார். அடுத்த கிழமையிலிருந்து அந்த ஆய்வுகூடத்தில் ஸ்டெபிலோகொக்கஸ் தட்டுகள் எல்லாவற்றுக்கும் முப்பத்துமூன்றிலும் ஒரு சோதனை. அடி சக்கை! எழுதும்போதே மேசையில் ஓங்கித் தட்டினேன், தேத்தண்ணி கொட்டிவிட்டது.

4

முடிவு ஒன்று: நேசமலருக்குப் பொன்னாடை. [பொய். ஒருவரும் போர்த்தவில்லை.]

முடிவு இரண்டு: மருந்து பிந்தி, வெள்ளையம்மா இற— [மாட்டேன்.]

நடந்தது இது. மூன்று கிழமைக்குப் பிறகு, வார்டில் விடுவிப்புத் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிற நாளில், வெள்ளையம்மா ஆய்வுகூட வாசலில் வந்து நின்றாள். மின்வெட்டு, லிப்ட் இல்லை. மூன்றாம் மாடி வார்டிலிருந்து படியிறங்கி வந்திருக்கிறாள்.

“என் கால திங்கப் பாத்த பூச்சி எது மிஸ்? அத ஒருவாட்டி நா பாக்கணும்.”

நேசமலர் மூடிய தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளையம்மா குனிந்து பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா? இதுக்கா இந்த ஆட்டம்?”

நேசமலர் என்ன பதில் சொன்னாள்? பேர்ணடெற் வாயெடுத்தபோதுதான் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். நான் நாலு பதில் எழுதிப் பார்த்தேன், நாலும் பிரசங்கம். நீங்கள் எழுதுங்கள், உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது: வெள்ளையம்மா முகத்துவாரம் பஸ்ஸுக்கு இரண்டு காலாலும் நடந்துதான் போனாள்.