பாதி மாத்திரை

மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தாள்.

கேக் கடையில் அவளுக்கு 'எழுத்தக்கா' என்று பெயர். கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. கிரீம் நிரப்பிய கோனைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் எழுதி முடிப்பாள், பிசிறு இருக்காது. இருமுனைக் கோளாறு என்று டாக்டர் சொல்லி, மனம் ஒரேயடியாக ஏறாமலும் இறங்காமலும் இருக்க லித்தியம் கொடுத்த பிறகு கை நடுங்கத் தொடங்கியது. தாகம் வேறு. எவ்வளவு குடித்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உடம்பு பருத்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் கேக் வாங்க வந்த பெண் பெட்டியைத் திறந்து பார்த்து, "குழந்தைங்க யாராவது எழுதினாங்களா? அழகா இருக்கு" என்றாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அதுதான் சுட்டது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, "கை நடுங்கினா நடுங்கிட்டுப் போகுது. நீ நல்லா இருக்கே, அது போதும்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. டாக்டரிடமும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லிவந்தாள்.

பாதி மாத்திரையில் கை கொஞ்சம் அடங்கியது. அப்புறம் அந்தப் பாதியும் எதற்கு என்று தோன்றியது. எழுத்து பழையபடி வழுக்கிக்கொண்டு வந்தது. காலில் சக்கரம் கட்டியதுபோல் ஓடினாள். தூக்கம் குறைந்தது, குறைந்ததை அவள் கவனிக்கவே இல்லை. கடையில் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். கணவன்கூட, "பழைய ஆளு திரும்பி வந்துட்டா" என்று மகளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

மகளுக்கு வீட்டில் 'மிளகு' என்று பெயர். ஆள் சிறிசு, காரம் பெரிசு. ஒரு மத்தியானம் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து, பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று பொய் சொல்லி அழைத்துப் போனாள். ரயிலில் ஏறினார்கள். இறங்கினார்கள். வேறு ரயிலில் ஏறினார்கள். மிளகுக்கு முதலில் ஒரே கொண்டாட்டம். அம்மா தெரியாதவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு ஸ்டேஷனில் கிடார் வைத்திருந்த ஒருவரோடு பேசியபடியே ரயிலில் ஏறிவிட்டாள். கதவு மூடியது. பிளாட்பாரத்தில் மிளகு நின்றுகொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. என் பொண்ணு புத்திசாலி, வந்துவிடுவாள் என்று நினைத்தாள். கையைக்கூட ஆட்டினாள்.

ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் மிளகைத் தன் அறையில் உட்கார வைத்து அப்பாவுக்குப் போன் செய்தார். அம்மாவை வேறொரு ஊரில் இருட்டிய பிறகு கண்டுபிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மனம் மெல்ல இறங்கியபோதுதான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகம் திரும்ப வந்தது. குழந்தையை விட்டுவிட்டுப் போனதைக்கூட நோய் செய்தது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. கையாட்டியதற்கு மட்டும் அவளிடம் சமாதானம் இல்லை. மாத்திரையைக் குறைத்ததற்கும் இல்லை, அப்போது அவளுக்கு நல்ல நினைவு இருந்ததே.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரையை மிளகு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். சாப்பாடு முடிந்ததும் தண்ணீரோடு வந்து நிற்பாள்.

"முழுங்கிட்டியா? வாயைத் திற."

திறப்பாள்.

"நாக்கைத் தூக்கு."

தூக்குவாள். அந்தச் சின்ன முகம் அவள் வாய்க்குள் எட்டிப் பார்க்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். இதுவும் தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்வாள். கணவனும் தடுக்கவில்லை. பழைய ஆள் வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்ட குற்றவுணர்வு அவனுக்கு. முன்பெல்லாம், "எந்த லிஃப்டும் ஏறுறப்ப சத்தம் போட்டாதான் நான் பார்ப்பேன்" என்று ஜோக் அடிப்பவன், இப்போது அந்த ஜோக்கை எடுப்பதே இல்லை. அவள் மனம் சத்தமில்லாமல் ஏறியதை அவன் பார்க்கவில்லையே.

தோழி வீட்டில் ஓர் இரவு தங்க மிளகைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. "வயித்து வலி" என்றாள். அம்மா விடாமல் கேட்டதும், "உனக்கு மாத்திரை யாரு குடுப்பா?" என்றாள்.

மறுநாளே அவள் கணவனையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். நடுக்கத்தில் ஆரம்பித்து, மாத்திரையைப் பாதியாக்கியது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"கேக்ல எழுதுறவங்கன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்குக் கைதானே பிழைப்பு. நானும் கேட்டிருக்கணும்."

ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, டோஸைக் கொஞ்சம் மாற்றினார். நடுக்கத்துக்கென்று தனியாக ஒரு மருந்து எழுதினார். "முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன். குறையும். ஒத்துக்கலைன்னா வேற மருந்தும் இருக்கு. நீங்களா எதையும் குறைக்காதீங்க, எனக்கு ஒரு போன் போடுங்க."

"இவ்வளவுதானா" என்றான் கணவன் வெளியே வந்து. சொல்லிவிட்டு, பார்க்கிங்கில் வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைப் போடாமல் அழுதான். "நடுங்கிட்டுப் போகுதுன்னு சொன்னேனே உங்கிட்ட."

அன்று சாயந்திரம் மிளகு தண்ணீரோடு வந்தபோது அவள் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இனிமே இது உன் வேலை இல்லம்மா. அப்பா பார்த்துப்பாரு. நான் டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."

"அப்பா மறந்துருவாரு."

"மறந்தா நான் ஞாபகப்படுத்துவேன். அன்னைக்கு உன்னை விட்டுட்டுப் போனது நான். தப்பு என்னோடது. நீ..."

"நான் லேஸ் கட்ட நின்னுட்டேன்" என்றாள் மிளகு.

"என்ன?"

"ஷூ லேஸ் அவுந்துருச்சு. நீ வா வான்னு கூப்பிட்டே. நான் கட்டிட்டு வரேன்னு நின்னுட்டேன். அதான் கதவு மூடிருச்சு. அதனாலதான் நீ ஆஸ்பத்திரிக்குப் போனே."

இத்தனை நாளும் அந்தக் குழந்தை இதைச் சுமந்துகொண்டுதான் தண்ணீர் தம்ளரோடு வந்து நின்றிருக்கிறது. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"லேஸ் அவுந்தா கட்டத்தான் வேணும். அம்மாதான் நிக்கணும். நீ எவ்வளவு நேரம் கட்டினாலும் அம்மாதான் நிக்கணும். நான் நிக்கல."

"நீ டாட்டா வேற காட்டினே."

"ஆமாம்" என்றாள் அவள். "காட்டினேன். என்னை மன்னிச்சிரும்மா."

மிளகு அம்மாவின் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு அது பிடிக்கல" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. அவளும் கேட்டு வாங்கவில்லை.

கடையில் முதலாளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். இப்போது பெரும்பாலும் அடுக்குக்கு நடுவே கிரீம் பூசுகிறாள். கை நன்றாக இருக்கும் நாட்களில் மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுத்து எழுதுகிறாள், கொஞ்சம் தடித்த எழுத்தில். தாகம் போகவில்லை. பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் கிடக்கிறது.

சில வாரங்கள் கழித்து மிளகு தோழி வீட்டுக்குத் தங்கப் போனாள். சாப்பிட்டு முடித்ததும் கணவன் மாத்திரையை எடுத்து வைத்தான், அவள் விழுங்கினாள். போன் மேசைமேல் இருந்தது. மாத்திரை போட்டாயா என்று கேட்டு மிளகு கூப்பிடுவாள் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள். பாத்திரம் கழுவும்போதும் அவள் காது அங்கேயே இருந்தது.

போன் வரவில்லை. அது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.